பெரியகுளம் குடும்பம்: ஆசியாட் காசு

*முருகேசன் மாமா:* ⏩ பலமுறை அனுப்பப்பட்டது
உங்கள் வீட்டில் 1982 ஆசிய விளையாட்டு 2 ரூபாய் காசு இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!! பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் 🙏🙏

*முருகேசன் மாமா:* பீரோவில் மூன்று காசு கிடக்கிறது. கண்ணன் மாப்பிள்ளை, இது உண்மையா?

*கண்ணன் சித்தப்பா:* அத்தான், ஒரு பைசா கட்டிவிடாதீர்கள். பழைய காசு வாங்குகிறோம் என்று கட்டணம் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என 2021லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. அந்த 2 ரூபாய் வெறும் செம்பும் நிக்கலும். ஊரெல்லாம் புழங்கிய காசு, லட்சமெல்லாம் யாரும் தரமாட்டார்கள்.

*ராஜி அத்தை:* நீ ஒரு வெள்ளிக் காசு வைத்திருக்கிறாயே, அது?

*கண்ணன் சித்தப்பா:* அது அதே ஆசியாடுக்குப் போட்ட 100 ரூபாய் அக்கா. எடை 35 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. மீதியில் பெரும்பகுதி செம்பு, கொஞ்சம் நிக்கல், கொஞ்சம் துத்தநாகம். கடை கண்ணிக்கு வந்ததே இல்லை, நாணயச்சாலையில் செட்டாக விற்றார்கள். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கும் இதே 35 கிராம், இதே பாதி வெள்ளி.

*முருகேசன் மாமா:* 82 ஆசியாடா! ஹாக்கி ஃபைனலில் பாகிஸ்தானிடம் 7-1. அதற்கு ஒரு நினைவுக் காசு வேறு 😡

*நான்:* உஷாவுக்கு 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி மாமா. காசு அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

*ராஜி அத்தை:* போன பொங்கலுக்குப் பார்த்தபோது கறுத்துப் போயிருந்ததே கண்ணா. கொண்டு வா, விபூதி போட்டுத் தேய்த்துத் தருகிறேன். வெள்ளி விளக்கெல்லாம் எப்படிப் பளிச்சென்று இருக்கிறது பார்.

*கண்ணன் சித்தப்பா:* அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். விளக்குக்குச் சரி. காசில் விபூதி, பேஸ்ட், புளி எதைத் தேய்த்தாலும் மயிரிழைக் கீறல் விழும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் முகம் முழுக்கக் கோடு கோடாகத் தெரியும். வாங்குகிறவன் முதலில் பார்ப்பதே அதைத்தான். அந்தக் கறுப்பு தானாகப் படிந்தது, ஓரத்தில் நீலமும் பொன்னிறமுமாக இருந்தால் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு. தொட்டால்கூட விளிம்பில்தான் பிடிக்க வேண்டும்.

*ராஜி அத்தை:* நல்ல கூத்து. கறுத்தால் விலை கூடுமாம்.

*கண்ணன் சித்தப்பா:* 📷 படம்
📷 படம்
இரண்டும் ஜெர்மனி 10 மார்க், மியூனிக் 1972 ஒலிம்பிக். என்ன வித்தியாசம், சொல்லுங்கள்.

*முருகேசன் மாமா:* இரண்டும் ஒன்றுதான். நடுவில் சக்கரம் மாதிரி ஏதோ சுற்றுகிறது.

*நான்:* சுற்றி இருக்கிற எழுத்து! ஒன்றில் கடைசியில் 'டாய்ச்லாண்ட்', இன்னொன்றில் 'மியூன்ஷென்'.

*கண்ணன் சித்தப்பா:* சபாஷ் தீபா. டாய்ச்லாண்ட் என்றால் ஜெர்மனி, மியூன்ஷென் என்றால் மியூனிக். 1970இல் முதலில் 'ஜெர்மனியில் நடக்கும் போட்டி' என்று அடித்து வெளியிட்டுவிட்டார்கள். அப்போது இரண்டு ஜெர்மனி இல்லையா, கிழக்கு ஜெர்மனி ஒத்துக்கொள்ளவில்லை. ஒலிம்பிக்கை நடத்துவது நகரம்தானே, நாடு எப்படி வந்தது என்று சண்டை. அப்புறம் வந்ததில் எல்லாம் ஊர் பெயர். ஆறு வகை, ஒவ்வொன்றையும் நான்கு நாணயச்சாலையில் அடித்தார்கள். எந்தச் சாலை என்று காசில் ஓர் எழுத்து இருக்கும்: D மியூனிக், F ஸ்டுட்கார்ட், G கார்ல்ஸ்ரூ, J ஹாம்பர்க். எல்லாம் சேர்த்தால் 24. எனக்கு இன்னும் மூன்று J வேண்டும்.

*முருகேசன் மாமா:* அப்போ அந்தத் தப்புக் காசுதான் லட்சம் போகுமோ?

*கண்ணன் சித்தப்பா:* அதுதான் இல்லை அத்தான். சண்டை வருவதற்குள் சுமார் ஒரு கோடி காசு அச்சாகிவிட்டது. கதை பெரிசு, விலை சிறிசு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு பின்லாந்து போட்ட 500 மார்க்கா வெள்ளி அதற்கு நேர் எதிர். 1952 என்று போட்டது லட்சக்கணக்கில் உண்டு, 1951 என்று போட்டது 20,000கூட இல்லை. ஓர் எண் மாறினால் விலை எங்கேயோ போய்விடும். வயதை வைத்து விலை சொல்கிற பார்வர்டை நம்பவே நம்பாதீர்கள்.

*கார்த்தி டொராண்டோ:* இப்போதுதான் எழுந்தேன், 87 மெசேஜ். மாமா, இங்கே ஒரு காசுக் கடையில் மாண்ட்ரியல் 1976 காசு டப்பா டப்பாவாகக் கிடக்கிறது. வேண்டுமா?

*கண்ணன் சித்தப்பா:* கேட்கவேண்டுமா! மொத்தம் 28 வெள்ளிக் காசு, 5 டாலரும் 10 டாலரும். 92.5 சதவீத வெள்ளி. 10 டாலர் ஒன்றே 48.6 கிராம், கையில் வைத்தால் கனம் தெரியும். இன்னும் செல்லுபடியாகும் என்று வங்கியில் 10 டாலருக்குக் கட்டிவிடாதே, உள்ளே இருக்கிற வெள்ளி 45 கிராம்.

*கார்த்தி டொராண்டோ:* எந்த விளையாட்டு?

*கண்ணன் சித்தப்பா:* ஹாக்கி 10 டாலர். முதலில் அது.

*முருகேசன் மாமா:* மாண்ட்ரியல் ஹாக்கியா? முதல்முறை செயற்கைப் புல்லில் ஆடி நாம் ஏழாவது வந்தோமே! வேறு காசே கிடைக்கவில்லையா உனக்கு?

*கண்ணன் சித்தப்பா:* தோற்றதற்கும் காசு வேண்டும் அத்தான் 😄 கார்த்தி, வெள்ளி எடை விலைக்கு மேல் ரொம்பக் கேட்டால் விட்டுவிடு, அது மொத்தமாகக் கோடிக்கணக்கான டாலருக்கு விற்ற சரக்கு, அரிதே இல்லை. கறுத்திருந்தால் பரவாயில்லை, தேய்த்த காசு மட்டும் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இருந்தால் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்.

*கார்த்தி டொராண்டோ:* சரி மாமா. சனிக்கிழமை போய் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

*ராஜி அத்தை:* அப்படியே நல்ல ஸ்வெட்டர் ஒன்று பார் கார்த்தி. காசுக்கு மட்டும் அலையாதே.