வளைமூக்கு உள்ளான்: கோடியக்கரையில் கவனிக்க வேண்டியவை

ஆகஸ்டு கடைசியில் கோடியக்கரை உப்பளப் பக்கம் இறங்கும் வளைமூக்கு உள்ளான் என்ற வலசைப் பறவைகளின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிச்சமிருந்தால், அவை முதிர்ந்தவை. சைபீரியாவின் தைமிர் போன்ற தூந்திரப் பகுதிகளில் கூடு கட்டித் திரும்புபவை. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெட்டை மட்டுமே. அதனால் சேவல்கள் ஜூலை தொடக்கத்திலேயே கிளம்பிவிடும். இளம் பறவைகள் பிந்தித்தான் வரும். முதுகு இறகுகளில் வெளிர் விளிம்பு செதில் செதிலாகத் தெரியும். மார்பில் இளம்பழுப்புப் பூச்சு இருக்கும். பெரியவை முன்பே போய்விட, வழிகாட்ட ஆளில்லாமல் இவ்வளவு தூரம் வந்து சேர்கின்றன!

இளம் பறவைகளைத் தனியாக எண்ணுங்கள். தூந்திரத்தில் லெம்மிங் எலி பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரிக்கு அதுவே போதும். எலி குறைந்தால் நரி முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். அந்த ஆண்டு இங்கே இளம் பறவை அரிது. மொத்த எண்ணிக்கை மட்டும் இதைக் காட்டாது.

―

அதோடு நீரின் ஆழத்தையும் குறியுங்கள். வளைமூக்கு உள்ளானின் கணுக்கால் 3 செ.மீ. அளவுதான். வயிறு நனையும்வரை இறங்கி, அலகை அடிவரை சேற்றில் செருகிப் புழு எடுக்கும். இதைவிடச் சிறிய இனமான கொசு உள்ளான் ஓரத்திலேயே மேலாகக் கொத்தும். நீர் ஒரு சாண் ஏறிவிட்டால் இரண்டுமே இடம் மாறிவிடும். இங்கே ஓதத்தைவிடக் காற்றுதான் நீரை ஏற்றி இறக்குகிறது, ஓத அட்டவணையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அலகின் வளைவை வைத்து மட்டும் பெயர் எழுத வேண்டாம், இதைப் போன்ற இன்னொரு உள்ளானான டன்லினுக்கும் நுனி வளையும். பறக்கும்போது பாருங்கள்: இதற்கு வாலுக்கு மேல் முழு வெள்ளை, டன்லினுக்கு நடுவே கருங்கோடு.

―

காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய கொடி வளையம் தெரிந்தால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, நிறங்கள் எந்த வரிசை, எழுத்து என்ன என்று நான்கையும் அங்கேயே எழுதுங்கள். வெயிலில் மஞ்சள் வெளுத்து வெள்ளை போலத் தெரியும்; சந்தேகமிருந்தால் அப்படியே குறியுங்கள்.

மே, ஜூனில் சாம்பல் நிறத்தோடு கரையில் நிற்பவற்றை நோயுற்றவை என்று தள்ளிவிட வேண்டாம். முதல் ஆண்டுப் பறவைகள் பலவும் வடக்கே போகாமல் தெற்கிலேயே தங்கும். 2024இல் இந்த இனம் உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பட்டியலில் ஏறியிருக்கிறது. எனவே கோடை மாதங்களின் கணக்கும் கட்டாயம் வேண்டும்.