லேப்டாப்பில் ரோஜா நிறம், மற்றவர்கள் ஃபோனில் வெளுப்பு: நாரைப் படத்துக்கு என்ன ஆச்சு?

நீர்க்கோழி:
போன வாரம் கூந்தன்குளம் போயிருந்தேன். வீட்டு முற்றத்து மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும் ஊர். உச்சி வெயிலில் ஒரு நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றது, அசையவே இல்லை. வால் பக்கத்து ரோஜா இறகுகள் லேப்டாப்பில் அப்படியே ஜொலிக்கின்றன. வாட்ஸ்அப்பில் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. எடுத்தது ஜேபெக் மட்டும்தான். யாராவது வழி சொல்லுங்களேன்.

கரிச்சான்:
வாட்ஸ்அப் படத்தை அமுக்கித்தான் அனுப்பும். டாகுமெண்டாக அனுப்பிப் பாருங்கள்.

நீர்க்கோழி:
அனுப்பினேன் அண்ணா. இப்போது இறகை எண்ணலாம் போலத் தெளிவாக இருக்கிறது. ஆனால் நிறம் சித்தப்பா ஃபோனில் சரி, அக்கா ஃபோனில் பழையபடி வெளுப்பு.

குளத்தங்கரை:
ஃபைல் பெயர் அடிக்கோட்டில் (_) தொடங்குகிறதா?

நீர்க்கோழி:
ஆமாம், எல்லாமே அப்படித்தான்!

குளத்தங்கரை:
அப்போ கேமராவில் கலர் ஸ்பேஸ், அதாவது நிறங்களை எண்களாகக் குறிக்கும் முறை, அடோபி ஆர்ஜிபியில் இருக்கிறது. பல கேமராக்கள் அதை அப்படித்தான் பெயரில் காட்டும். அதில் நிறங்களின் எல்லை பெரியது, எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் ப்ரொஃபைல் படத்துக்குள்ளேயே இருக்கும். அதைப் படிக்காத ஆப் அந்த எண்களை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான கலர் ஸ்பேஸ் என்று நினைத்துக் காட்டும்போது ரோஜாவும் ஆரஞ்சும் வெளுத்துவிடும். எடுத்த படங்களை எடிட்டரில் எஸ்ஆர்ஜிபிக்கு 'கன்வர்ட்' செய்யுங்கள். 'அசைன்' கொடுத்துவிடாதீர்கள், அது எண்களை மாற்றாமல் ப்ரொஃபைலை மட்டும் மாற்றி வெளுப்பை நிரந்தரமாக்கிவிடும். அப்புறம் கேமரா மெனுவிலும் மாற்றிவிடுங்கள்.

நீர்க்கோழி:
வந்துவிட்டது! அக்கா ஃபோனில் தலையின் ஆரஞ்சுகூடத் தெரிகிறது. ரொம்ப நன்றி அண்ணா. இதே கையோடு எங்கள் ஊர்ப் பக்கம் எடுத்த கொம்பன் ஆந்தைக் கூட்டையும் டாகுமெண்டாகப் பெரிய குழுவில் போடப்போகிறேன்.

கரிச்சான்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். டாகுமெண்டாக அனுப்பினால் ஜிபிஎஸ் விவரமும் கூடவே போகும். கூந்தன்குளத்தில் நாரைக்கு ஊரே காவல், அங்கே கவலை இல்லை. ஆந்தைக் கூட்டுக்கு யார் இருக்கிறார்கள்? நாலு பேர் டார்ச்சோடு போய் நின்றாலே அது கூட்டை விட்டுவிடக்கூடும்.

நீர்க்கோழி:
கேமராவில் ஜிபிஎஸ் கிடையாது, ஆனால் ஃபோனில் எடுத்த மூன்று படங்களில் இடம் பதிவாகியிருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். அதை அழித்துவிட்டேன். கூட்டுப் படத்தைக் குஞ்சுகள் பறந்த பிறகு போடுகிறேன்.