காஷ்மீர் ஏரிகள் மலையேற்றம்: எட்டுப் பேர், எல்லோருக்கும் முதல் தடவை. வெள்ளியங்கிரி ஏறிய பழக்கம் போதுமா?

சூலூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட் கடைசியில் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் பாதையில் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். சோனமர்கில் ஆரம்பித்து நாராநாக்கில் இறங்குவது. மொத்தம் எட்டுப் பேர், வயது 26 முதல் 46 வரை. ஏழு பேர் ஒரே மில்லில் வேலை பார்க்கிறோம், எட்டாவது ஆள் என் அக்கா. வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறுகிறோம். இரண்டு பேர் ‘ட்ரெக் தமிழ்நாடு’ மூலம் அவலாஞ்சியிலிருந்து கொலாரிபெட்டா வரை போய் வந்திருக்கிறார்கள். இமயமலைப் பக்கம் யாரும் போனதே இல்லை.

எங்கள் சந்தேகங்கள்: வெள்ளியங்கிரிப் பழக்கம் அங்கே கைகொடுக்குமா? நிறுவனத்தோடு போவதா, நாங்களே கூடாரம் வாங்கிப் போவதா? அக்காவுக்கு இறங்கும்போது முட்டி வலிக்கும், அதற்கு என்ன செய்யலாம்? சாப்பாடு எப்படி இருக்கும்?

இந்த ஆசை முதலில் அக்காவுக்குத்தான் வந்தது. மூன்று வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். அதனால் அக்காவை விட்டுவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ரக்சாக்:

நிறுவனம் எதற்கு? எட்டுப் பேர் இருக்கிறீர்கள். சோனமர்கில் குதிரைக்காரர் ஒருவரையும் சமையல்காரர் ஒருவரையும் பேசிக்கொள்ளுங்கள். கூடாரம் வாடகைக்குக் கிடைக்கும். பாதை தெளிவாகவே இருக்கும், சீசனில் முன்னும் பின்னும் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். நாங்கள் நான்கு பேர் அப்படித்தான் போனோம், ஒரு குறையும் இல்லை. ஆதார் அசலும் நாலைந்து நகலும் கையில் இருக்கட்டும். விஷன்சர், கட்சர், சத்சர் மூன்று இடத்திலும் இராணுவத்தினர் பெயரையும் தலையையும் எண்ணிச் சரிபார்ப்பார்கள்.

பவானிக்காரன்:

சூலூர்க்காரன், உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் குழுவையே பார்த்த மாதிரி இருந்தது. நாங்கள் ஒன்பது பேர் 2022 ஆகஸ்டில் போனோம். நான் விஷன்சர் வரை போய்த் திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் மறுபடி போய்த்தான் முழுப் பாதையும் நடந்தேன். திரும்பி வந்த கதைதான் உங்களுக்குப் பயன்படும், அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

வெள்ளியங்கிரி காலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் ஏழாவது மலையே 2,000 மீட்டரைத் தொடாது. நம் ஊரில் நாம் கார் வைத்துப் போய்ப் பார்க்கிற தொட்டபெட்டா 2,637 மீட்டர். முதல் நாள் இரவே நீங்கள் படுக்கப்போகும் நிச்னை முகாம் சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியின் மேல் இன்னொரு மருதமலையை அடுக்கி, அதற்கும் மேலே போய்த் தூங்குவது மாதிரி. 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பார்கள். இந்தப் பாதை முதல் நாளிலேயே ஒரேயடியாகத் தூக்கிவிடுகிறது. கால் பலமாக இருப்பவர் இன்னும் வேகமாக ஏறி, உயரத்தால் வரும் நோயில் இன்னும் சீக்கிரம் மாட்டிக்கொள்வார். உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கும் கால் பலத்துக்கும் சம்பந்தம் இல்லை.

எங்களிலும் அதுதான் நடந்தது. மாட்டிக்கொண்டவன் குழுவிலேயே திடமானவன், என் கல்லூரி நண்பன். பவானி ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிறவன். முதல் நாள் பூர்ஜ மரக் காட்டுக்குள்ளே எங்களுக்கெல்லாம் முன்னால் போனான். இரண்டாம் நாள் நிச்னைக் கணவாய் தாண்டி (சுமார் 4,100 மீட்டர்) விஷன்சரில் இறங்கினோம். சாயங்காலம் ஏரிக் கரையில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தோம், அவன் மட்டும் கூடாரத்தை விட்டு வரவில்லை. அசதி என்றான். ராத்திரி சாப்பிடவில்லை. அதற்கும் அசதி என்றான். நாங்களும் நம்பினோம்.

மறுநாள் காலை அவன் கூடார வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். நான் பல் தேய்த்து முடிக்கும் வரை அதே லேஸ். ஒரு சுருக்குப் போடுவான், இரண்டாவது சுருக்கை எங்கே நுழைப்பது என்று பார்த்துக்கொண்டே இருப்பான், விரல் நழுவிவிடும், மறுபடி முதலிலிருந்து. நான் போய்க் குனிந்து கட்டிவிட்டபோதுகூட அவன் ஒன்றும் சொல்லவில்லை. வழிகாட்டியைக் கூப்பிட்டேன். அவர் அவனை ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி மற்றக் காலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான். சாதாரணத் தலைவலி நிலையை அது தாண்டிவிட்டது, மூளையில் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்ததற்கான அறிகுறி. உடனே கீழே இறக்குவதுதான் மருந்து.

ஆனால் விஷன்சரில் இருந்து சோனமர்கில் இறங்க வேண்டும் என்றால் முதலில் நிச்னைக் கணவாயில் திரும்ப ஏற வேண்டும். முன்னால் போனால் கட்சர் கணவாய், அது இன்னும் உயரம், 4,200 மீட்டர் அளவு. வந்த பிறகுதான் இது எங்களுக்கு உறைத்தது. வரைபடத்தில் இந்த ஏரிகள் எல்லாம் வரிசையாக மணி கோத்த மாதிரி அழகாகத் தெரியும். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் சுவர்.

எங்கள் வழிகாட்டியிடம் ஆக்சிஜன் சிலிண்டரும் தேவையான மருந்துகளும் இருந்தன, ஆள் உட்காரத் தோதான குதிரையும் இருந்தது. அவனைக் குதிரையில் ஏற்றி, நானும் இன்னொருவனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டே கணவாயைத் தாண்டினோம். காட்டுப் பகுதிக்கு இறங்க இறங்க முகம் தெளிந்தது. சோனமர்கில் டீ கேட்டான். அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம்தான் உண்மையைச் சொன்னான். முதல் ராத்திரி நிச்னையிலேயே மண்டையைப் பிளக்கிற தலைவலியாம். யாருக்கும் தெரியாமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டே வந்திருக்கிறான். ஏன்டா சொல்லவில்லை என்றால், “எல்லாரும் ஒரு வருஷமா காசு சேர்த்து வந்திருக்கீங்க. என்னால கெட்டுப்போகக் கூடாதுன்னுதான்” என்றான்.

சூலூர்க்காரன், நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். தனியாகப் போகிறவன் தலை வலித்தால் உட்கார்ந்துவிடுவான். கூட்டத்தில் போகிறவன் மறைப்பான், அதுவும் பாசக்காரக் கூட்டமாக இருந்தால் இன்னும் மறைப்பான். மூன்று வருஷம் சீட்டுப் போட்ட பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எட்டுப் பேரில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் அந்தச் சீட்டுப் பணம்தான் அவர் வாயைக் கட்டப்போகிறது. உங்கள் அக்காவைவிட, குழுவில் யார் ரொம்பத் திடமானவரோ அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அதனால் கிளம்பும் முன்பே எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒருவர் திரும்பினால் இரண்டு பேர் கூடத் திரும்புவார்கள், அந்த இரண்டு பேர் யார் யார் என்பது ஊரிலேயே முடிவாகட்டும். 2023-ல் நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆட்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துக்கொண்டோம். ராத்திரி சாப்பாட்டின்போது ஒவ்வொருவரும் தன் ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்: தலை வலிக்கிறதா, எவ்வளவு சாப்பிட்டார், தூங்கினாரா, சிறுநீர் சரியாகப் போகிறதா. தன்னைப் பற்றிச் சொல்லத்தான் கூச்சம் வரும், அடுத்தவரைப் பற்றிச் சொல்ல வராது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நல்லதுதான், ஆனால் நம்பர் சரியாக இருக்கிறது என்று தலைவலியைத் தள்ளிவிடாதீர்கள். உயர நோய்க்குப் போடும் ‘டயமாக்ஸ்’ மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம், சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஆகாது.

சோனமர்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். அன்றைக்குத் தாஜிவாஸ் பனியாறு வரை நடந்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

ரக்சாக் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாதை தெரிவது பிரச்சினையே இல்லை. அந்தக் காலையில் சிலிண்டரும் குதிரையும் நடந்து காட்டச் சொன்ன அந்த மனிதரும் இல்லையென்றால் என் நண்பன் கதை வேறு. முதல் தடவை போகிறவர்களுக்கு நல்ல வழிகாட்டி கட்டாயம். பேசும்போதே சிலிண்டர் எத்தனை, யார் முதலுதவி படித்தவர், அவசரத்துக்கு ஆள் ஏறும் குதிரை கடைசி நாள் வரை கூடவே வருமா என்று கேளுங்கள். குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் காட்டுத்தீயில் மாட்டி இருபது பேருக்கும் மேல் இறந்தார்களே, அதில் ஈரோடு பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்று. டிக்கெட் போடும் முன் அனுமதி நிலவரத்தை விசாரியுங்கள். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை மூடினார்கள். பாதுகாப்பு நிலைமையைப் பொறுத்து மலையேற்ற அனுமதி மாறும்.

மதுரை டீச்சர்:

தம்பி, உங்கள் அக்காவுக்காக எழுதுகிறேன். நான் 49 வயதில் போனேன். எனக்கும் முட்டி வலி உண்டு.

கடைசி நாள்தான் சோதனை. கங்கபல், நந்த்கோல் ஏரிகள் 3,500 மீட்டருக்கு மேலே இருக்கின்றன, நாராநாக் 2,100 சொச்சம். ஒரே நாளில் அவ்வளவும் இறக்கம். பைன் காட்டுக்குள் பாதை செங்குத்தாகக் கீழே விழும், மழை பெய்தால் சேறு வேறு. இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருக்க வேண்டும், ஒன்று போதாது. இறங்கும்போது கோலைக் கொஞ்சம் நீளமாக்கிக்கொண்டு, கோலை முதலில் கீழே ஊன்றிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும்.

பயிற்சிக்கு எல்லோரும் படி ஏறுவார்கள். அக்காவை இறங்கச் சொல்லுங்கள். நான் முதலில் முட்டி டாக்டரைப் பார்த்துச் சம்மதம் வாங்கினேன். பிறகு வீட்டில் ஒரு படியின் மேல் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மெதுவாக, ஐந்து எண்ணி, தரையைத் தொடுகிற அளவுக்கு இறக்கிவிட்டு மேலே எடுப்பேன். காலுக்குப் பதினைந்து தடவை, நாலு மாதம். அப்புறம் பழனிப் படியில் வாரம் ஒரு தடவை, ஏறுவதை நிதானமாகவும் இறங்குவதை இன்னும் நிதானமாகவும். நாராநாக் வந்து சேர்ந்தபோது எனக்குப் பின்னால் இரண்டு வாலிபர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயம். குழி தோண்டிய கூடாரக் கழிப்பறைதான். நாப்கினையும் ஈர டிஷ்யூவையும் அந்தக் குழியில் போடாமல், கறுப்புக் கவரில் கட்டிக் கீழே கொண்டு வந்துவிடச் சொல்லுங்கள். நிச்னை ஓடைப் பக்கம் கல்லுக்கு அடியில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. பக்கர்வால் குடும்பங்கள் ஆட்டோடு வந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

கங்கபலில் அக்காவை அரை மணி நேரம் சும்மா உட்கார விடுங்கள். எதிரே ஹர்முக் மலை நிற்கும், 5,142 மீட்டர். 1856-ல் மாண்ட்கோமரி என்ற சர்வேயர் அந்த மலை மேல் கருவியை வைத்துப் பார்த்துத்தான் தூரத்துச் சிகரங்கள் இரண்டுக்கு கே1, கே2 என்று குறித்துக்கொண்டார். உலகத்தின் இரண்டாவது பெரிய சிகரத்துக்கு இன்றைக்கும் அந்தக் குறிப்புதான் பெயர். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.

சூலூர்க்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பவானி அண்ணன் எழுதியதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எங்களில் சின்னவன், வெள்ளியங்கிரியை ஒரே மூச்சில் ஏறுகிறவன், “அண்ணா, நானா இருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றான். அவனுக்கு ஜோடி அக்காதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. நிறுவனத்தோடுதான் போகிறோம்.

அக்கா இன்றைக்கே வீட்டுப் படியில் ஆரம்பித்துவிட்டார். டீச்சர் அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

சாப்பாடும் ஷூவும் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

பவானிக்காரன்:

சாப்பாடு சப்பாத்தி, சோறு, பருப்பு, காய். வயிறு நிறையும், வாய் நிறையாது. மேலே போகப் போகப் பசி குறையும், அப்போது பழகின ருசிதான் உள்ளே இறங்கும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டு போங்கள். நம் ஊர் அரிசி வேண்டாம். 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரிப் பக்கமே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு லேசில் வேகாது. அவர்கள் குக்கரில் வைத்துத் தருவதை வாங்கிப் புளிக்காய்ச்சல் கலந்துகொள்ளுங்கள். எங்கள் குதிரைக்காரர் ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மிச்சப் பாட்டிலையும் வாங்கிக்கொண்டார்.

போன், போஸ்ட்பெய்டு சிம்மாக இருக்கட்டும். சோனமர்க் பக்கத்தில் நடை தொடங்கும் ஷிட்கடி தாண்டினால் அதுவும் எடுக்காது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

ஷூ இப்போதே வாங்குங்கள். கணுக்கால் மூடியது, அடியில் நல்ல பல் உள்ளது. யாரிடமாவது பரணில் கிடக்கும் பழைய ஷூவைக் கடன் வாங்காதீர்கள், ரொம்ப நாள் சும்மா கிடந்த ஷூவின் அடிப்பாகம் மலையில் அப்படியே பெயர்ந்து வந்துவிடும். கடைக்குச் சாயங்காலமாகப் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தடித்த சாக்ஸைக் கையோடு எடுத்துப் போய்ப் போட்டுக்கொண்டு, கடைப் படியில் இறங்கிப் பாருங்கள். கட்டைவிரல் முன்னால் இடிக்கிறது என்றால் ஒரு சைஸ் பெரிது கேளுங்கள்.