பழைய ஃபயர் வண்டியை ஓட வைக்கலாமா, இருக்கிறபடியே விட்டுவிடலாமா?

கரிசல்காரன்:
எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு பழைய லேலண்ட் காமெட் ஃபயர் வண்டி நிற்கிறது. ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளன்று நிலையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள், பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். 1944இல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் 66 பேர் செத்துப்போனார்கள், அவர்கள் நினைவாகத்தான் இந்த நாள். சித்திரை ஒன்றும் அன்றைக்கே வந்துவிடுவதால் ஊரே கோயிலில் இருந்தது, நிலையத்தில் பத்துப் பேர்கூட இல்லை. பையன் ஏறி மணிக்கயிற்றை ஆசையாக இழுத்தான். நாக்கு விழுந்துபோன மணி, சத்தமே வரவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து எஞ்சினைப் பிரித்து, பம்ப்பைச் சரிசெய்து, புது பெயின்ட் அடித்து ஓட வைக்கப் போகிறோம். அனுமதி வாங்கியாகிவிட்டது, திங்கட்கிழமை பெயின்டர் வருகிறார்.

ஒத்தப்பனை:
அண்ணே, பெயின்டரை நிறுத்துங்கள். உங்கள் ஆர்வம் புரிகிறது, ஆனால் பளபளவென்று சிவப்பு அடித்த எத்தனையோ வண்டிகளைக் கண்காட்சிகளில் பார்த்துவிட்டேன். பலகை புதுசு, சீட் புதுசு, எழுத்து ஸ்டிக்கர். அதில் பழசு என்று என்ன மிச்சம் இருக்கிறது? நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இடது கதவில் பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் மஞ்சளாக ‘மெட்ரா’ என்று கை எழுத்து தெரிகிறது. மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரியில். அப்படியானால் அந்த எழுத்து அநேகமாக அதற்கு முன்னால் எழுதியது. உப்புத்தாள் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தால் அந்தச் சான்று போய்விடும், திரும்ப வரவே வராது.

கரிசல்காரன்:
எழுத்தை நான் கவனிக்கவே இல்லை தம்பி, அது உண்மை. ஆனால் ‘இருக்கிறபடியே விடு’ என்றால் வேப்பமரத்தடியில் மழையில் விடுவதா? ஓடாத வண்டியை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், ஒருநாள் பழைய இரும்பு ஏலத்தில் போய்விடும். இங்கிலாந்தில் 1950களில் கட்டிய பெட்ஃபோர்டு பச்சை வண்டிகளை ஓடுகிற நிலையிலேயே வைத்திருந்தார்கள். 1977இலும் 2002இலும் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவம் அவற்றைத்தான் எடுத்துக்கொண்டு போனது.

சிங்கை வாசகி:
சிங்கப்பூரில் எங்கள் ஹில் ஸ்திரீட் தீயணைப்பு நிலையம் 1908இல் கட்டி முடித்தது, சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் வரி. இன்றைக்கும் அங்கிருந்து வண்டி கிளம்புகிறது, பழைய வண்டிகள் பக்கத்திலேயே கூரைக்குக் கீழே காட்சிக்கு நிற்கின்றன. அவை ஓடுவதில்லை, ஆனாலும் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். முதலில் கூரைக்கு வழி பாருங்கள்.

பணிநிறைவு101:
நான் இதே மாதிரி வண்டியில் வேலை பார்த்தவன், ஒன்று சொல்கிறேன். பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறீர்கள், அது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால் கணக்குப்படி பத்து மீட்டர், நடைமுறையில் ஏழு எட்டு மீட்டர் ஆழத்துக்குமேல் கிணற்றில் தண்ணீர் இருந்தால் ஏறாது. பம்ப்பின் சுழல் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைத்திருக்கும் கிளாண்ட் கயிறு காய்ந்து ஒரு துளி காற்று உள்ளே போனாலும் ஏறாது. கூரைவீடு தெருவோடு எரியும்போது கண்மாயில் சக்‌ஷன் குழாயை இறக்குவோம், பாசியும் சருகும் அடைக்காமல் இருக்க நுனிச் சல்லடைக்கு மேலே பிரம்புக்கூடை மாட்டிக் கட்டுவோம். தண்ணீர் பிடிக்கிற வரைக்கும் அந்த அரை நிமிடம், பெண்கள் அலறுகிற சத்தத்தில், பம்ப் சத்தம் மாறுவதற்காகக் காத்துக்கொண்டு நிற்போம். பாரம் ஏறியதும் எஞ்சின் குரல் கனத்துவிடும். அதைப் பிள்ளைகள் காதால் கேட்கட்டும் ஐயா. நிறுத்தி வைத்த வண்டியில் அது கிடைக்காது.

ஒத்தப்பனை:
ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்து உடம்பு சிலிர்த்துவிட்டது. கிளாண்ட் கயிறு மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது தேய்ந்து மாறுவதற்கென்றே உள்ள சாமான். ஆனால் ரோட்டில் ஓட்டுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்து பிரேக், தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் டன் கணக்கில் பாரம், உள்ளே தொட்டி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? ஊர்வலத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது ஆனால் மிச்சமிருக்கும் வண்டிகளையும் பூட்டிவிடுவார்கள்.

கரிசல்காரன்:
ரோடு விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை, பிரேக் முழுவதையும் பிரித்துப் பார்த்த பிறகு பேசுவோம். பெயின்டரிடம் வர வேண்டாம் என்று இப்போதுதான் சொன்னேன். நிலைய அலுவலரிடமும் பேசினேன், தகரக் கூரை போட இடம் தருகிறாராம். ஞாயிறு காலை இடது கதவை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, கிட்டப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன், மிச்ச எழுத்து என்னவென்று பாருங்கள். 101 ஐயா, கிளாண்டுக்கு எந்த அளவுக் கயிறு வாங்க வேண்டும்? மணிக்கு நாக்கு செய்து தர எங்கள் தெரு பட்டறைக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டார்.