மர நிழலில் வெண்கொடிவேலி: வளர்த்தவர்கள் சொல்வது

மாந்தோப்பு, செம்மண்

மாமரத்தடியில் புல் நிற்காது, வெண்கொடிவேலி நிற்கும். நம் புதர்க்காடுகளில் தானாக முளைக்கிற சித்திரமூலம்தான் இது. இலைகளுக்கு நடுவே சல்லடையாக விழும் வெயில் போதும். வெயிலே படாத அடர்நிழலில் செத்துப்போகாது, ஆனால் தண்டு நீண்டு இலை குறைந்து தரை தெரியும். வெட்டவெளியில் வைத்தால் சித்திரை வெயிலில் இலை வெளுத்து ஓரம் கருகும்.

விதை வேண்டாம், போத்து வைத்தாலே வரும். பாதி முற்றிய தண்டில் நான்கு கணு விட்டு நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி செருகுங்கள். மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்த மண், நிழல், ஈரம். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். நடவு ஒன்றரை அடிக்கு ஒன்று, அதாவது 100 சதுர அடிக்குச் சுமார் 45 செடி. புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடிமரத்திலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுங்கள். குழி ஒரு சாண் போதும். ஆழத் தோண்டினால் மரத்தின் சல்லிவேர் அறுபடும்.

வீட்டுக் கொல்லை, களிமண்

இடைவெளி சரிதாங்க. ஆனா வெட்டாம விட்டா இது தரையை மூடாது, மூணு நாலு அடிக்கு எழும்பிச் சாய்ஞ்சு நடுவுல மொட்டையாயிடும். பூத்து முடிஞ்சதும் ஒரு அடி உயரத்துக்கு வெட்டிடுங்க. பக்கவாட்டுல சாயுற கிளையை வெட்டாம, ஒரு கணுவை மண்ணுல அழுத்தி மேல கல்லை வச்சா அங்கேயே வேர் விடும். இடைவெளி அடைபடுறதே பெரும்பாலும் இப்படித்தான்.

களிமண்ல தண்ணி தேங்கினா வேர் அழுகும். இலை வாடுதேன்னு இன்னும் தண்ணி ஊத்துறது அதைவிட மோசம். பாத்தியை அரையடி உயர்த்திப் போடுங்க. சருகு ரெண்டு அங்குலம் பரப்பலாம், தண்டைத் தொடாம.

மாவுப்பூச்சி வந்தா நுனியைக் கிள்ளி எரிச்சிடுங்க. மீறினா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், அந்தக் கிளைக்கு மட்டும். மொத்தமா அடிக்காதீங்க. பூமொட்டைத் தின்னுற சின்னப் புழு, லெப்டோட்டஸ் பிளினியஸ்ங்கிற வரி போட்ட நீலப் பட்டாம்பூச்சியோடது. அதுக்குக் கொஞ்சம் மொட்டு போனா போகட்டும்.

நாற்றங்கால் வேலை

வாங்கும்போது கவனம். பிளம்பாகோ (இந்தச் செடி வகையின் ஆங்கிலப் பெயர்) என்று கேட்டால் பெரும்பாலும் தென்னாப்பிரிக்க நீலப்பூச் செடியைத் தருவார்கள். அதிலேயே வெள்ளை ரகமும் உண்டு. அதற்கு நல்ல வெயில் வேண்டும், நிழலில் அதிகம் பூக்காது. நம் செடியில் பூ சிறிது, நீண்ட கதிரில் தள்ளித் தள்ளிப் பூக்கும். அதில் குட்டையான கொத்தாக நெருங்கியிருக்கும்.

வெண்கொடிவேலிப் பூவின் அடியில் குழாயாக இருக்கும் பச்சை உறையைத் தொட்டுப் பாருங்கள்: சுற்றிலும் குண்டூசித் தலை போன்ற சுரப்பிகள், விரலில் பிசுபிசுவென ஒட்டும். காய் அப்படியே வேட்டியிலும் நாய் முடியிலும் ஏறி ஊர் சுற்றும். நடைபாதையிலிருந்து இரண்டடி உள்ளே நடுவது அதற்காகத்தான்.

வேரில் பிளம்பாஜின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. பச்சை வேரின் சாறு தோலில் பட்டால் கொப்புளம் வரும். பிடுங்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். மருந்துச் செடி என்று வீட்டில் யாரும் வேரை அரைத்துக் குடிக்க விடாதீர்கள், கர்ப்பிணிகள் அறவே கூடாது, கருவைக் கலைக்கும். பிடுங்கிய வேரைக் குழந்தைகள் கைபடும் இடத்தில் போடாமல் உடனே புதைத்துவிடுங்கள்.