ஓடுறது குதிரை, மேல இருக்கவங்களுக்கு அப்படி என்ன உழைப்பு?

டீக்கடை_வாதம்:
மலப்புறத்து பொண்ணு நிதா அஞ்சும் சேலாட் 2023 செப்டம்பர்ல பிரான்ஸ்ல நடந்த இளையோர் எண்டூரன்ஸ், அதான் குதிரைல ரொம்ப தூரம் போற ரேஸ், அதோட உலக சாம்பியன்ஷிப்ப முடிச்சாங்கல்ல, 120 கிலோமீட்டர், ஏழரை மணி நேரம் கிட்ட, அத முடிச்ச முதல் இந்தியர். இத சொன்னா என் ஃப்ரெண்டு "ஓடுனது குதிரைடா, இவங்க உக்காந்துட்டு வந்தாங்க"ங்கிறான். பதில் சொல்ல தெரியாம டீய குடிச்சிட்டு வந்துட்டேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா

லாயத்து_ஆளு:
உங்க ஃப்ரெண்ட குதிரை மேல ஒரு மணி நேரம் ட்ராட்ல, அதான் துள்ளு நடைல, போக சொல்லுங்க, மறுநாள் மாடிப்படி எறங்குறானான்னு பாப்போம். அதுல உக்காரவே முடியாதுங்க, குதிரையோட ஒவ்வொரு எட்டுக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரணும், தொடை கழண்டுரும்.

ஆனா அது சின்ன விஷயம். ரேஸ சுத்து சுத்தா பிரிச்சிருப்பாங்க, ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் குதிரைக்கு டாக்டர் செக்கிங். வந்து சேந்து பொதுவா 15 நிமிஷத்துக்குள்ள குதிரையோட இதயத்துடிப்பு 64க்கு எறங்கணும், அப்புறம் ஓட விட்டு நொண்டுதான்னு பாப்பாங்க, ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் வீட்டுக்கு போ.

நான் துபாய் பக்கம் ஒரு லாயத்துல ஆறு வருஷம் வேலை பாத்தேன். 17 வயசு பொண்ணு ஒண்ணு, மொத சீசன்ல நல்லா வெரட்டிட்டு வந்து நின்னுச்சு. நாங்க நாலு பேர், குதிரையோட கழுத்துலயும் தொடை இடுக்குலயும் பாட்டில் பாட்டிலா தண்ணி ஊத்துறோம், வழிச்சு விடுறோம், மறுபடி ஊத்துறோம், 70, 68, 67... டைம் முடிஞ்சு போச்சு. லாரிக்கு பின்னாடி போய் அழுதுச்சு பாவம். அடுத்த வருஷம் அதே பொண்ணு, செக்கிங் நடக்குற கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாடியே எறங்கி, சேணத்து வார லூஸ் பண்ணி, பக்கத்துலயே நடந்து வருது. ரெண்டு பேர் அத தாண்டி போறாங்க, திரும்பி கூட பாக்கல. உள்ள வந்து ரெண்டாவது நிமிஷம் 58.

நேர்மையா_சொல்றேன்:
எல்லாம் சரி, ஆனா காசு இருக்கவங்க ஆட்டம்தான இது. நல்ல குதிரை வாங்குனா ஜெயிச்சிடலாம்

லாயத்து_ஆளு:
காசு வேணும், அத மறைக்கல. ஆனா லட்ச லட்சமா குடுத்து வாங்குன குதிரைய மொத சுத்துலயே நொண்ட விட்டவங்களையும் பாத்திருக்கேன். நிதா 2024ல சீனியர் உலக சாம்பியன்ஷிப்ல 160 கிலோமீட்டரும் முடிச்சாங்க, வேற குதிரைல.

டீக்கடை_வாதம்:
ஃப்ரெண்டுக்கு காட்டுனேன். 64 எல்லாம் ஒரு மேட்டரான்னு மூணு மாடி ஏறிட்டு பல்ஸ் பாத்தான், 131. கால் மணி நேரம் கழிச்சு 92. தண்ணி ஊத்தவான்னு கேட்டேன், திட்டுறான்