பெர்க்லியா, கிரின்னெலா?

வேம்பு: அண்ணன் மகளுக்கு அமெரிக்காவில் வேதியியல் படிக்க இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று கலிபோர்னியாவில் இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகம், இன்னொன்று அயோவாவில் இருக்கும் கிரின்னெல் கல்லூரி. வீட்டில் எல்லோரும் பெர்க்லி என்கிறார்கள். என் ஓட்டு கிரின்னெலுக்கு.

செம்பருத்தி: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெர்க்லி என்றால் எந்த நாட்டிலும் தெரியும். கிரின்னெல் என்றால் அது எங்கே என்று கேட்பார்கள். வேலை தேடும்போது அந்த விளக்கத்தை அவள்தான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

வேம்பு: 1989-இல் வேதியியல் நோபல் வாங்கிய தாமஸ் செக் கிரின்னெலில் படித்தவர். 2020-இல் வாங்கிய ஜெனிஃபர் டவுட்னா படித்த பொமோனாவும் சின்னக் கல்லூரிதான்.

செம்பருத்தி: செக் முனைவர் பட்டம் வாங்கியது பெர்க்லியில். டவுட்னா பேராசிரியராக இருப்பதும் பெர்க்லியில். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

வேம்பு: அதுதான் என் வாதமே. முனைவர் படிப்புக்குப் பெர்க்லி போகட்டும். இளங்கலையில் அங்கே 30,000 பேருக்கு மேல். முதலாண்டு வேதியியல் வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் உட்காருவார்கள். சிறு குழு வகுப்புகளைப் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள்தான் நடத்துவார்கள். கிரின்னெலில் மொத்தமே சுமார் 1,700 பேர், முனைவர் படிப்பு கிடையாது. பேராசிரியருக்கு ஆய்வகத்தில் ஆள் வேண்டுமென்றால் இளங்கலை மாணவர்களைத்தான் கூப்பிட வேண்டும். பிறகு பரிந்துரைக் கடிதம் எழுதும்போது, அவள் எப்படி வேலை செய்வாள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதுவார். மேற்படிப்பு அனுமதியில் அந்தக் கடிதத்துக்கு இருக்கும் எடை சாதாரணமானதல்ல.

செம்பருத்தி: சரி, கடிதம் முக்கியம்தான். ஆனால் கிரின்னெலில் மூன்றாம் ஆண்டில் அவளுக்கு எடுக்கப் பாடம் இருக்குமா? பெர்க்லியில் முதுகலைப் பாடங்களிலேயே உட்காரலாம். மனசு மாறி வேதிப் பொறியியல் வேண்டும் என்றால் அதுவும் பெர்க்லிக்குள் இருக்கும் வேதியியல் கல்லூரியிலேயே இருக்கிறது. கிரின்னெலில் பொறியியல் துறையே இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் கதவுகளை நாமே ஏன் மூட வேண்டும்?

தென்றல்: பணத்தையும் பாருங்கள். பெர்க்லி அரசுப் பல்கலைக்கழகம். வெளிமாநிலத்தவரிடமும் வெளிநாட்டவரிடமும் கூடுதல் கட்டணம் வாங்கும். கிரின்னெல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் உதவித்தொகை தருகிறது. அப்புறம், சின்னக் கல்லூரி எல்லாம் ஒன்றல்ல. வெர்மான்டில் மார்ல்பரோ கல்லூரி 2020-இல் மூடப்பட்டது. கிரின்னெலுக்கு அந்தப் பயம் இல்லை, 200 கோடி டாலருக்கு மேல் அறக்கட்டளை நிதி வைத்திருக்கிறது.

செம்பருத்தி: உதவித்தொகை போகக் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை கிரின்னெலில் கணிசமாகக் குறைந்தால் நான் வாதாட மாட்டேன். இரண்டு தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பெர்க்லிதான்.